புகழுரையும் நூல் தேர்வும்

கடையில் புதிய நூலொன்றைக் கையில் எடுப்பவர் முதலில் முன்னட்டையைப் பார்க்கிறார். அடுத்துப் பின்னட்டையைத் திருப்புகிறார். அங்கே பெயர் பெற்ற ஒருவர் அந்நூலைப் பாராட்டி எழுதிய இரண்டு வரிகள் இருக்கும். "அவ்வரிகளைக் கண்டா வாங்கினீர்?" என்று கேட்டால் எவரும் ஆம் என்று ஒப்புக்கொள்வதில்லை. பிறர் சொல்லுக்கு மயங்குபவர் என்னும் பெயரை யார்தான் விரும்புவர்? ஆயினும் பதிப்பாளர்கள் அவ்வரிகளைத் தேடிப் பெறுவதை விட்டபாடில்லை. அவை வாசகரின் தேர்வை உண்மையிலேயே மாற்றுகின்றனவா? மாற்றுமாயின், அது முறைதானா?

ஆங்கிலத்தில் இவ்வகைப் புகழுரையைப் 'பிளர்ப்' என்பர். 1907-ஆம் ஆண்டில் ஜெலட் பர்ஜெஸ் என்னும் அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர், தம் நூலின் மேலுறையில் ஒரு பெண்ணின் படத்தை அச்சிட்டு, அவள் அந்நூலை ஓயாது புகழ்வதாகக் காட்டிக் கேலி செய்தார். அவளுக்கு அவர் இட்ட பெயரே பின்னர்த் தொழிற்சொல்லாக நிலைத்துவிட்டது.

சொல் புதிது, வழக்கம் நமக்குப் பழையது. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கனின் வேண்டுகோளுக்கிணங்க நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர், இதற்கு இலக்கணமே வகுத்துள்ளார். எத்துணைப் பெரிய நூலைச் செய்தவராயினும் தம்மைத் தாமே புகழ்தல் தகாது என்பது அவர் கொள்கை. அதற்கு விலக்காக நான்கு இடங்களை மட்டும் அனுமதிக்கிறார். ஆகவே சிறப்புப் பாயிரத்தைப் பிறரே பாட வேண்டும். யார் அந்தப் பிறர்? நூலாசிரியரின் ஆசிரியர், உடன் பயின்றவர், மாணாக்கர், உரை எழுதத் தக்கவர் ஆகிய நால்வர்.

இப்பட்டியலை இன்று படிப்போர்க்கு ஓர் ஐயம் எழலாம். நால்வருமே வேண்டியவர்கள் ஆயிற்றே, நடுநிலை எங்கே என்று கேட்கலாம். முனிவர் இதனை அறியாதவர் அல்லர். அவர் தேடியது உறவில்லாதவரை அன்று, நூலை முற்றும் அறிந்தவரை என்றே எனக்குத் தோன்றுகிறது. கற்பித்தவரும், உடன் கற்றவரும், அவரிடமே பாடம் கேட்டவரும், வரிவரியாகப் பொருள் விரிப்பவரும் நூலைத் திறவாமல் பேசக்கூடியவர்கள் அல்லர். இன்றைய அட்டைப் புகழுரையில் உறவும் இருக்கக்கூடும்; அறிவு மட்டும் இல்லாதிருக்கக்கூடும்.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. சிறப்புப் பாயிரம் சொல்ல வேண்டியவை எட்டு என்கிறார் முனிவர். நூலை ஆக்கியவர் யார், எவ்வழியில் வந்தது, எந்நிலத்தில் வழங்குவது, அதன் பெயர் என்ன, எவ்வாறு யாக்கப்பட்டது, எதைப் பற்றியது, கேட்கத் தக்கோர் யார், கேட்பதால் வரும் பயன் யாது என்பன அவை. இவ்வெட்டில் 'இந்நூல் மிகச் சிறந்தது' என்பது ஒன்றாக இல்லை! எட்டையும் கேட்ட ஒருவர், 'இது எனக்குரிய நூல்', அல்லது 'இது எனக்கன்று' என்று தாமே முடிவு செய்து கொள்ளலாம். 'ஒப்பற்ற படைப்பு', 'அனைவரும் படிக்க வேண்டியது' என்னும் வரிகளைக் கொண்டு எவரும் எதையும் முடிவு செய்ய இயலாது. அங்கே கீழே உள்ள பெயர்தான் வேலை செய்கிறது.

(நம் இல்லங்களில் நினைவு மலர்களும் விழா மலர்களும் பல உள்ளன. ஆசியுரை, வாழ்த்துரை, அணிந்துரை என்று இருபது பக்கம் கடந்த பின்னரே பொருள் தொடங்கும். அவற்றால் தீங்கில்லை. விலையின்றி வழங்கப்படுவதால் அங்கே தேர்வு என்பதே எழுவதில்லை.)

பெயரின் வேலை எத்தகையது என்பதற்கு அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் செயல் நல்ல சான்று. 1855-இல் அவர் 12 கவிதைகள் கொண்ட 'புல்லின் இதழ்கள்' நூலை வெளியிட்டு, ஒரு படியை அறிஞர் எமர்சனுக்கு அனுப்பினார். எமர்சன் அதனைப் படித்து மகிழ்ந்து, ஜூலை 21-ஆம் நாள் பாராட்டுக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பின் முதுகுப் பகுதியில், அக்கடிதத்தின் ஒரு வாக்கியம் எமர்சனின் பெயருடன் பொன்னெழுத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. எமர்சனிடம் இசைவு பெறவில்லை. தனிக்கடிதம் ஒன்று கடைப்பொருளின் முத்திரையாயிற்று. கொடாததைக் கொள்ளுதல் என்று நாம் விலக்குவது பொன்னுக்கும் பொருளுக்கும் மட்டுமா உரியது?

இதிலும் நுட்பமான பிழை ஒன்றுண்டு. இரண்டாம் பதிப்பில் 20 கவிதைகள் புதியன. எமர்சன் பாராட்டியபோது அவை அந்நூலில் இல்லை. மெய்யாகச் சொல்லப்பட்ட சொல், இடம் மாறிய அளவில், அவர் பாராட்டாதவற்றுக்கும் சான்றாக நின்றது. அத்தனை செய்தும் அப்பதிப்பு நன்கு விற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விற்பனையைப் பொறுத்தவரை, 2013-இல் இங்கிலாந்தில் நிகழ்ந்தது யாரும் திட்டமிடாத சோதனையாக அமைந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் ராபர்ட் கால்பிரைத் என்னும் அறியப்படாத பெயரில் 'தி குக்கூஸ் காலிங்' என்ற துப்பறியும் நாவல் வெளிவந்தது. அத்துறையில் புகழ்பெற்ற வால் மெக்டெர்மிட் அதனை மனமாரப் பாராட்டியிருந்தார். மதிப்புரைகளும் நன்றாகவே இருந்தன. எனினும் மூன்று மாதத்தில் அங்கே விற்ற கெட்டி அட்டைப் படிகள் ஏறத்தாழ 1,500 மட்டுமே. ஜூலையில், எழுதியவர் ஹாரி பாட்டர் கதைகளின் ஆசிரியை ஜே.கே. ரௌலிங் என்று வெளிப்பட்டதும், அந்நூல் விற்பனைப் பட்டியலின் உச்சிக்கு ஏறியது. நூல் அதுவே, பாராட்டும் அதுவே. மாறியது ஆக்கியோன் பெயர் ஒன்றே. எட்டில் அதனை முனிவர் முதலில் வைத்தது நினைவுக்கு வருகிறது.

அப்படியாயின் புகழுரைக்கு வலிமையே இல்லையா? உண்டு; ஆனால் குறுகிய இடத்தில். ஆசிரியரையும் அறியோம், பொருளையும் அறியோம், உடன் வந்து சொல்வாரும் இல்லை என்னும் நிலையில்தான் அவ்வரிகள் கையை நூலின்பால் நீளச் செய்கின்றன. பிள்ளைகளுக்கு நூல் வாங்கும் பெற்றோர் பெரும்பாலும் இந்நிலையில் இருப்பவர்களே. அங்கே புகழ்ந்தவர் தம் வாழ்நாளில் ஈட்டிய நம்பிக்கையைப் பிறர் பொருட்டுச் செலவிடுகிறார். நூலைப் படியாமலே புகழ்ந்து, அந்நூல் தற்செயலாக நன்றாகவும் அமைந்துவிட்டால், அவர் சொன்னது மெய்யாகிவிடுமா? ஆகாது என்பதே என் முடிவு. அவர் உரைத்தது நூலின் சிறப்பை மட்டும் அன்று. 'நான் படித்தேன், அறிந்தேன்' என்பதையும் சேர்த்தே உரைத்தார். அப்பகுதி பொய்.

2025 ஜனவரியில், அமெரிக்காவின் பெரிய பதிப்பகங்களுள் ஒன்றான சைமன் அண்ட் ஷூஸ்டரில், அந்நிறுவனத்தின் பெயரையே தாங்கிய பிரிவின் தலைவர் ஷான் மேனிங், இனித் தம் ஆசிரியர்கள் இத்தகைய புகழுரைகளைத் திரட்டி வர வேண்டிய கட்டாயம் இல்லை என்று அறிவித்தார். பிறரிடம் கையேந்தும் நேரத்தை ஆசிரியர்கள் எழுத்தில் செலவிடலாம். இலக்கிய உலகில் அறிமுகம் உடையவர்க்கே பாராட்டு எளிதில் கிட்டும் நிலையும் ஓரளவு தளரும். புகழுரை அடியோடு நீக்கப்படவில்லை. படித்தவர் ஒருவர் தாமே விரும்பி எழுதினால் ஏற்றுக்கொள்வர். கேட்டுப் பெறுவதுதான் கட்டாயம் அன்று.