தோமாவின் கேள்வி

சாந்தோம் கோயிலிலிருந்து கடலோரமாக வடக்கே போனால், 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம். ஞாயிறன்று பாடற்குழுவில் நிற்கும் பிள்ளைதான் திங்களன்று அங்கே வகுப்பில் உட்காருகிறது. பையில் பாடப்புத்தகம், அம்மா கட்டிய தயிர்சாதம், அடியில் ஜெபமாலை. வகுப்பறை கேட்கச் சொல்லித்தரும் கேள்வி ஒருநாள் வீட்டுக்கும் வரும், கோயிலுக்கும் வரும். வரட்டும். எந்தத் தோமாவின் கல்லறைமேல் அந்தக் கோயில் எழுந்ததாக மரபு சொல்கிறதோ, அவரே உயிர்த்த ஆண்டவரின் காயங்களைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றவர். ஆண்டவர் அவரை விரட்டவில்லை, கையை நீட்டச் சொன்னார். பெற்றோரே, இன்று இரவு சாப்பாட்டு வேளையில் பிள்ளை ஏதாவது கேட்டால் அதட்டாதீர்கள். முழுதாகக் கேட்டுவிட்டு, தெரிந்ததைச் சொல்லுங்கள்.