தீர்ப்பிடலும் கிறிஸ்தவ அறமும்

மனிதன் பிறரை அளந்து பார்க்காமல் வாழ்தல் அரிது. யாரை நம்புவது, யாருக்குக் கடன் கொடுப்பது, யார் வீட்டிற் சம்பந்தம் செய்வது என்ற வினாக்கள் எழும்போதெல்லாம் ஒருவகைத் தீர்ப்பு நிகழ்ந்தே தீருகிறது. ஆயின் சமயப்பற்றுடையோர் வழங்கும் தீர்ப்பிலே தனியானதோர் ஆபத்து உண்டு. ஏனையோர் தம் சொந்தப் பெயராலே தீர்ப்பிடுகின்றனர். அவர்களோ கடவுளின் பெயராலே தீர்ப்பிடுகின்றனர். அயலவன் மீதுள்ள கசப்புங்கூட அவ்வேளை நீதியின் உடையை அணிந்துகொள்கிறது. பிறரைத் தீர்ப்பிடலாகாது என்னும் இயேசுவின் கட்டளை மத்தேயு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் இடம்பெறுகிறது. கிறிஸ்தவர் அனைவரும் அறிந்த அக்கட்டளையே அவர்களால் எளிதில் மீறப்படுவதாகவும் இருக்கிறது. இம்முரண்பாட்டின் தன்மையை ஊவா மலைநாட்டு நிகழ்ச்சிகள் சிலவற்றின் துணைகொண்டு ஆராய்தல் பயனுடையது.

1845ஆம் ஆண்டு யூன் மாதம் 7ஆம் நாள், தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்னும் பிரித்தானியப் படை மேஜர் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். பதுளையில் உதவி அரசாங்க அதிபராகவும் மாவட்ட நீதிபதியாகவும் கடமையாற்றியவர் அவர். அவர் சுட்டுக் கொன்ற யானைகள் 1,400க்கு மேற்பட்டவை என்பர். நுவரெலியாவிலுள்ள அவரது கல்லறையையும் மின்னல் தாக்கியதெனச் செய்தி பரவியபோது, கொலையுண்ட விலங்குகளின் பழியே அவரைத் தொடர்ந்தது என மக்கள் பேசிக்கொண்டனர். அவரைப் போற்றிய நண்பர்களோ அவர் நினைவாகப் பதுளையில் ஒரு தேவாலயத்தை எழுப்பினர். 1857இல் அர்ப்பணிக்கப்பட்ட தூய மாற்கு தேவாலயம் அதுவே. அவர் மின்னலால் இறந்த செய்தியை அங்குள்ள கல்வெட்டுக் கூறுகிறது. அம்மின்னலுக்குக் காரணம் கற்பிக்கவில்லை.

ஈண்டு இரண்டு கூற்றுக்களை வேறுபடுத்திக் காணல் வேண்டும். யானைகளைப் பொழுதுபோக்காகக் கொன்று குவித்தல் தீது என்பது ஒன்று. அத்தீமைக்காகவே வானம் அம்மனிதரைத் தண்டித்தது என்பது மற்றொன்று. முன்னையது செயலைப் பற்றிய மதிப்பீடு. அதற்கு நியாயம் காட்டலாம், மறுப்போருக்கு விடை கூறலாம். பின்னையது ஒரு மனிதனின் முழுவாழ்வையும் முடிவையும் பற்றிய தீர்ப்பு. அதற்குரிய சான்று எந்த மனிதனிடமும் இல்லை. நற்செய்தி விலக்குவது பின்னையதையேயன்றி முன்னையதை அன்று.

லூக்கா நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரம் இதனைத் தெளிவாக்குகிறது. சீலோவாம் என்னுமிடத்தில் ஒரு கோபுரம் சரிந்து பதினெட்டுப் பேர் மாண்டனர். மாண்டவர் எருசலேம்வாசிகள் எல்லாரினும் பெரிய குற்றவாளிகளோ என்ற வினாவை இயேசுவே எழுப்புகிறார். இல்லை என்று அவரே விடையும் கூறுகிறார். அத்துடன் அமையாது, கேட்டு நிற்போரைத் தத்தம் வாழ்வைத் திருத்திக்கொள்ளுமாறு எச்சரிக்கிறார். பிறனை நோக்கி நீண்ட விரல், நீட்டியவன் பக்கமே திருப்பிவிடப்படுகிறது. நற்செய்தியின் அறநெறியில் இத்திருப்பமே முதன்மையானது.

சீலோவாம் தொலைவிலுள்ள ஊர் அன்று. 2021ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20ஆம் நாட் காலை, லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட பேருந்தொன்று பசறை 13ஆம் கட்டையருகே பள்ளத்தில் வீழ்ந்தது. பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர், பலர் காயமுற்றனர். பெற்றோர் இருவரையும் ஒருங்கே இழந்த பிள்ளைகளும் உளர். மேலிருந்து சரிந்த பாறையொன்று அகற்றப்படாமற் கிடந்து அவ்விடத்து வீதியைக் குறுக்கியிருந்தது. இத்தகைய துயரத்தின்முன் இருவகைப் பேச்சு எழக்கூடும். பாறை ஏன் அகற்றப்படவில்லை, வீதிக்குக் காவல் ஏன் இல்லை, வண்டிகள் எவ்வாறு செலுத்தப்பட்டன என்று கேட்பது ஒருவகை. அது அடுத்த பேருந்திற் செல்வோரைக் காக்கும். இறந்தவர் என்ன பாவம் செய்தனரோ, தாம் தப்பியது தம் செபத்தின் பயனே என்று கூறுவது மற்றொரு வகை. பக்தியின் மொழியிற் பேசப்படும் இப்பேச்சு அநாதையான குழந்தைக்கு எந்த ஆறுதலையும் தருவதில்லை. பேசுவோனுக்கு மட்டும் ஒரு நிம்மதியைத் தருகிறது.

பெருந்துயரங்களின்போது மட்டுமன்றி அன்றாட வாழ்விலும் இச்சோதனை உண்டு. தோட்டப்புறத்து லயங்களில் ஒரு குடும்பத்தை மறு குடும்பத்திலிருந்து பிரிப்பது ஒற்றைச் சுவரே. அடுத்த காம்பராவில் எழும் சண்டையும் அழுகையும் இருமலும் இங்கே கேட்கும். ஞாயிறு வழிபாட்டுக்கு வராதவர் யார், சம்பள நாளிற் சாராயம் குடித்தவர் யார், மாரியம்மன் திருவிழாவில் உறவினரோடு சேர்ந்து நின்ற கிறிஸ்தவர் யார் என்பதெல்லாம் எவருக்கும் மறைவதில்லை. இவ்வாறு செவியில் விழுவது அயலவன் வாழ்வின் ஒரு துண்டே. கொழுந்துக்கூடையோடு மலையேறி இறங்கிய உடல்வலியும் கடனும் சுவரைக் கடந்து ஒலிப்பதில்லை. கேட்டதைக் கொண்டு கேளாததையும் முடிவுசெய்வதே தீர்ப்பிடலின் இயல்பு.

முழுச் சமூகமாகவே தீர்ப்பிடப்பட்ட வரலாறு இம்மக்களுக்கு உண்டு. 1854இல் தொடங்கப்பட்ட தோட்ட மிஷன், தொழிலாளருக்குத் தொண்டு செய்யவே தோன்றியது. எனினும் தமிழ்க் கூலி மிஷன் என்று கூலி என்ற சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கி நின்றது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. சோம்பேறிகள், குடிகாரர், அந்நியர் என்ற பெயர்களை அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தனர். அங்ஙனம் அளக்கப்பட்டோரின் வழிவந்த கிறிஸ்தவர் ஒருவர், தம் அயலவரைக் குடிகாரர் என்ற ஒரு சொல்லால் அளந்து ஒதுக்குவாராயின், தம்மை இழிவுபடுத்திய அதே அளவுகோலையே அவர் கையில் எடுத்தவராகிறார்.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். தீர்ப்பிடாமையே அறமெனின், அநீதியைக் கண்டிப்பது எங்ஙனம்? மனைவியை அடிப்பவனைக் கண்டும் வாளாவிருத்தல் நற்பண்பாகுமா? இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், தென்னிந்தியத் திருச்சபைகளிற் சாதிவேற்றுமை அறவே ஒழியவேண்டுமெனச் சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்றோர் அதனை எதிர்த்தனர். சாதியைத் தீதென்ற அளவில் ஆயரின் தீர்ப்புச் சரியானதே. அவ்விடத்து மௌனம் சாதித்தல் ஒடுக்கப்பட்டோருக்கு இழைக்கும் துரோகமாகியிருக்கும். ஆயினும் இனத்தாலும் பதவியாலும் மனிதரைத் தரம்பிரித்த பேரரசின் ஆயர் அவர் என்பதையும் மறத்தற்கில்லை. அவர் கூறிய உண்மை அதனாற் பொய்யாகிவிடவில்லை. கேட்போர் செவிகளில் அதன் வலிமையே குன்றிற்று.

கண்ணிலுள்ள மரத்துண்டு பற்றிய உவமையின் முழுப்பொருளும் இங்கேதான் புலனாகிறது. தன் கண்ணிலுள்ள பெருந்துண்டை அகற்றியவன், பிறன் கண்ணிலுள்ள துரும்பை அப்படியே விட்டுவிடவேண்டும் என்று அவ்வுவமை கூறவில்லை. தெளிந்த கண்ணோடு அதனை எடுத்துவிடவேண்டும் என்றே கூறுகிறது. கண்ணில் விழுந்த துரும்பைத் தொலைவில் நின்று எடுத்தல் இயலாது. அருகிற் செல்லவேண்டும், கை நடுங்காதிருக்கவேண்டும், துன்புறுவோன் நம்பிக் கண்ணைத் திறக்கவேண்டும். பிறர் குற்றத்தை நோக்கும் கண்ணால் தம் குற்றத்தையும் நோக்கவேண்டும் என வள்ளுவர் புறங்கூறாமை அதிகாரத்தின் இறுதியில் வற்புறுத்துவதும் இந்நெறியோடு ஒத்துச் செல்வதாகும்.

எனவே தீர்ப்பிடாமை என்பது நன்மை தீமைகளை வேறுபடுத்தாத மயக்கம் அன்று. தீமையைக் கண்டும் விலகிச் செல்லும் கோழைமையும் அன்று. செயலைத் தீதென்று கூறியபின்னும், செய்தவனைப் பற்றிய இறுதிச் சொல்லைத் தன்னுடையதாக்கிக் கொள்ளாமையே அது. அடியுண்ட மனைவிக்குக் காவலாக நிற்பவர், வெறி தெளிந்த கணவனோடு மறுநாள் அமர்ந்து பேசவும் வேண்டும். முன்னையதை மட்டும் செய்வோர் பலர். பின்னையதை மட்டும் செய்து மனைவியைக் கைவிடுவோரும் உளர். இரண்டையும் ஒருங்கே செய்வது கடினம். அக்கடினமான இடத்திலேதான் கிறிஸ்தவ அறம் தொடங்குகிறது. லயத்தின் ஒற்றைச் சுவர் அயலவன் மீது குற்றப்பட்டியல் எழுதுவதற்கும் உதவும். அழுகுரல் கேட்டு எழுந்து சென்று அவன் கதவைத் தட்டுவதற்கும் உதவும்.