எந்த வருஷத்தில் நிறுத்துவது

ஜெர்மனியில் வேலையிலிருக்கும் நண்பர் ஒருவர், விடுமுறையில் தன் இரண்டு குழந்தைகளோடு பிராக் நகருக்குப் போய்வந்ததைப் பற்றி எழுதியிருந்தார். பழைய நகரச் சதுக்கத்தில் 1410ஆம் வருஷத்திய வானியல் கடிகாரம் ஒன்று இருக்கிறது. மணிக்கொரு தரம் அதிலுள்ள எலும்புக்கூடு மணியடிக்கும். குழந்தைகள் மூன்று தடவை நின்று பார்த்துச் சிரித்திருக்கின்றன. அங்கிருந்து நடக்கிற தூரத்தில் பிங்காஸ் யூத ஆலயம். நாஜிகளால் கொல்லப்பட்ட பொஹீமிய, மொராவிய யூதர்கள் ஏறத்தாழ 78,000 பேரின் பெயர்கள் அதன் சுவர்களில் எழுதப்பட்டிருக்கின்றன. மாடியில், டெரெஸின் முகாமில் அடைபட்டிருந்த குழந்தைகள் வரைந்த படங்கள். அவர்களுக்குச் சித்திரம் சொல்லிக்கொடுத்த ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ், 1944இல் ஆஷ்விட்சுக்கு அனுப்பப்படுமுன் சுமார் 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் ஒளித்துவைத்துவிட்டுப் போனார். வரைந்த குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. நண்பர் வாசல்வரை போய்க் குழந்தைகளோடு திரும்பிவிட்டார். ‘செய்தது சரியா?’ என்பது கடிதத்தின் கடைசி வரி.

இதற்குத் தயாராக இரண்டு பதில்கள் உண்டு. குழந்தைகளின் உலகத்தைக் கலைக்கக் கூடாது என்பது ஒன்று. உண்மையை எந்த வயதிலும் மறைக்கக் கூடாது என்பது மற்றது. இரண்டிலுமே குழந்தை இல்லை என்று எனக்குப் படுகிறது. முதலாவதில், நாம் தொலைத்துவிட்ட ஏதோ ஒன்றைப் பத்திரப்படுத்தும் பெட்டியாகிவிடுகிறது குழந்தை. இரண்டாவதில், நம் மனசாட்சியின் பாரத்தை இறக்கிவைக்கும் சுமைதாங்கி. எனக்கு இதைப் பொதுவாகப் பேசும் யோக்யதை இல்லை. நான் செய்த ஒரு காரியத்தை வைத்துத்தான் பேசமுடியும்.

நான் ஓசூர்க்காரன் அல்ல. வேலை கொண்டுவந்து சேர்த்த ஊர் இது. தெருவில் தெலுங்கு, பள்ளியில் கன்னடக்காரப் பிள்ளைகள், வீட்டில் திருநெல்வேலித் தமிழ் என்று என் குழந்தைகள் வளர்கிறார்கள். சிப்காட்டுக்கு வந்த எங்களுக்கு இங்கே முன்னோர் இல்லை, கோவில் இல்லை, கொடைக்குப் போக ஊரில்லை. அதனாலேயே, பழசு ஏதாவதொன்றைக் குழந்தைகளுக்குக் காட்டிவிட வேண்டும் என்ற தவிப்பு. ஐரோப்பாவே ஒரு தரம் ஓசூருக்கு வந்ததுண்டு. 19ஆம் நூற்றாண்டில் சேலம் கலெக்டராக இருந்த பிரெட், இங்கிலாந்தின் கெனில்வர்த் கோட்டைச் சாயலில் இங்கே ஒரு மாளிகை கட்டினார். அந்நிய மண்ணில் தன் ஊரை நிறுத்திப் பார்த்துக்கொள்ளும் தவிப்பு அவருக்கும் இருந்திருக்க வேண்டும். அது சிதைந்துபோயிற்று.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரி மலைக்கோட்டை. பையனுக்கு ஏழு வயசு, பெண்ணுக்கு நாலு. பாறைப் படியில் பாதி ஏறுவதற்குள் சின்னது உட்கார்ந்துவிட்டது. பையனுக்கு ஓணானைத் தவிர எதிலும் சிரத்தையில்லை. நான் மதில்களைக் காட்டக் காட்ட அவன் குனிந்துகொண்டே வந்தான். எனக்குக் கோபம் வந்தது. யோசித்தால், அவன் வரலாற்றை அவமதித்ததற்காக வந்த கோபமல்ல. என் பரவசத்தில் பங்கேற்க மறுத்ததற்காக. அவனைப் பேசாமல் நடக்கவைப்பதற்காக ஒரு கதையை எடுத்தேன்.

கதை உண்மையானது. 1791 நவம்பரில் கர்னல் மாக்ஸ்வெல்லின் படை இந்த மலையைத் தாக்கி, மேல்கோட்டையைப் பிடிக்கமுடியாமல் இறங்கிப்போயிற்று. பீரங்கிக்குக் கிடைக்காத மலை அடுத்த வருஷம் காகிதத்தில் கிடைத்தது. ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு தன் ராஜ்யத்தில் பாதியை இழந்தார். பாராமகால் கும்பெனிக்குப் போயிற்று. மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் அபராதம். அதற்கு ஈடாக, 1792 பிப்ரவரி 26 அன்று தன் பிள்ளைகளில் இரண்டு பேரை, சுமார் பத்தும் எட்டும் வயசானவர்களை, கார்ன்வாலிஸிடம் ஒப்படைத்தார். ஆங்கிலேயச் சித்திரக்காரர்கள் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப வரைந்தார்கள். அவற்றில் கார்ன்வாலிஸ் ஒரு தகப்பனைப்போலக் கைநீட்டுகிறார்.

பையன் நின்றுவிட்டான். “அந்தப் பசங்கள அப்புறம் திருப்பிக் குடுத்துட்டாங்களா?”

“குடுத்துட்டாங்க. ரெண்டே வருஷம். கதை முடிஞ்சது, நட.”

1794இல் திருப்பிக் கொடுத்தது வாஸ்தவம். 1799இல் தகப்பன் கொல்லப்பட்டதையும், பிள்ளைகளைக் குடும்பத்தோடு வேலூர்க் கோட்டையில் வைத்ததையும், 1806 கலகத்துக்குப் பின் அந்தக் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டதையும் சொல்லவில்லை. அன்று அது எனக்கு உறுத்தவுமில்லை. ஏழு வயசுக்கு இது போதும் என்று நினைத்தேன். மேலே போய்க் கே.ஆர்.பி. அணையைப் பார்த்தோம், மாந்தோப்புகளைப் பார்த்தோம், இறங்கினோம்.

ஆறு மாசம் கழித்து, எனக்கும் மனைவிக்கும் ஷிப்டு ஒத்துவராமல் போய், பையனை ஊரில் ஆச்சியிடம் விடவேண்டி வந்தது. பஸ் ஏறும்போது அவன் அழவில்லை. “ரெண்டு வருஷத்துல திருப்பிக் கூட்டிட்டு வந்துருவேல்லப்பா?” என்றான்.

நான் இரண்டு வருஷம் என்று யாரிடமும் சொல்லவில்லை. எங்கிருந்து வந்தது என்று புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும், ‘ஆமாம்’ என்றேன்.

குழந்தைகளுக்குச் சரித்திரம் ஏறாது, பொம்மையும் புறாவும்தான் ஏறும் என்று நாம் சொல்லிக்கொள்வதுண்டு. என் பையன் ஓணான் பார்த்ததாக நான் நினைத்த அன்று, நான் சொன்னதில் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டிருக்கிறான். பிடித்துவைக்கப்பட்ட பிள்ளைகள் திரும்ப வருவார்கள் என்பது அவனுக்கு ஒரு விதியாகிவிட்டது. அதன்மேல் அவன் நிற்கிறான்; அதை 1794இல் நறுக்கிக் கொடுத்தவன் நான்.

எல்லாச் சொல்லலும் எங்காவது நின்றுதான் ஆகவேண்டும். சரித்திரக்காரனும் ஒரு வருஷத்தில்தான் நிறுத்துகிறான். ஆகவே நிறுத்துவதே பொய் என்று சொல்லமாட்டேன். என் குற்றம் வேறு இரண்டு. அவன் கேட்காத கதையை, என் வசதிக்காக, அவனை அடக்க எடுத்தேன். பிறகு அவன் உண்மையாகவே கேட்டபோது, மேற்கொண்டு கேட்கமுடியாதபடி ‘முடிஞ்சது’ என்று கதவைச் சாத்தினேன். ‘இன்னும் இருக்கு, அப்புறம் சொல்றேன்’ என்று நான் சொல்லியிருந்தால், அவனுக்குத் தெரியாதது ஒன்று பாக்கியிருக்கிறது என்பதாவது தெரிந்திருக்கும். மௌனம் கேள்வியை உயிரோடு விட்டுவைக்கிறது. சுபமான முடிவு அதையும் எடுத்துக்கொள்கிறது.

‘அப்புறம்’ என்பதும் ஒரு தப்பித்தல்தானே என்று கேட்கலாம். ஆமாம், கடன்காரன் கேட்காத கடன் அது. குழந்தை மறந்துபோகும் என்ற தைரியத்தில்தான் நாம் அதை வாங்குகிறோம். அதனாலேயே அதைத் தீர்க்கும் பொறுப்பு முழுக்க வாங்கியவனுடையது.

நண்பருக்கு எழுதினேன்: வாசலிலிருந்து திரும்பியதைப் பிழையென்று சொல்லமாட்டேன். நீங்கள் எதையும் திறக்கவில்லை. எதையும் பொய்யாக மூடவுமில்லை. ஆனால் எலும்புக்கூட்டைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகள் என்றைக்காவது அந்த நகரத்தைப் பற்றிக் கேட்டால், ‘ஒரு கட்டடத்துக்குள் நாம் போகவில்லை’ என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். அழகான நகரம் என்று ஆரம்பிக்காதீர்கள்.

முழுப்பரீட்சை லீவில் பையன் வருகிறான். மலைக்கு மறுபடி போகலாம் என்று நினைக்கிறேன். இரண்டு வருஷம் இன்னும் ஆகவில்லை. வேலூரைப் பற்றிச் சொன்னால், நான் பஸ் நிலையத்தில் சொன்ன ‘ஆமாம்’ என்னவாகும் என்பதையும் அவன் கேட்பான். அதற்கு என்னிடம் இன்று பதிலில்லை, ஷிப்டு மாறவில்லை. ஆனாலும் 1799ஐச் சொல்லாமல் அந்தப் படியில் அவனை இன்னொரு தரம் ஏற்றமுடியாது.