யார் வீடாக இருந்தால் என்ன

ஒரு மாணவியின் கட்டுரை நோட்டில் நான் போட்ட சிவப்புக் கோடு, பணி ஓய்வு பெற்ற பிறகும் உறுத்திக்கொண்டிருக்கிறது. அப்போது நான் ஜவ்வாது மலையில் தமிழாசிரியை. 'எங்கள் ஊர்' என்ற தலைப்பில் அந்தப் பெண் பாறைமேல் இருக்கும் வாலியர் வீடுகளைப் பற்றி எழுதியிருந்தாள். வாலியர்கள் முழங்கால் உயரந்தான் இருந்தார்களாம். ஆனால் பெரிய பலசாலிகளாம். பலகைப் பலகையாகக் கல்லைத் தூக்கி வந்து வீடு கட்டினார்களாம். 'வாலியர் வீடு' என்பதை அடித்து, மேலே 'கற்திட்டை' என்று எழுதி, பத்துக்கு ஐந்து போட்டேன்.

நான் எழுதிய சொல் சரியானதுதான். ஜமுனாமரத்தூரை அடுத்த கீழ்ச்செப்பிளியில் பாறைமேல் நிற்பவை இரும்புக் காலத்து ஈமச் சின்னங்கள். நாலு பக்கமும் பலகைக் கல்லை நிறுத்தி, மேலே ஒரு பெருங்கல்லை மூடியிருக்கிறார்கள். ஒரு பக்கத்துப் பலகையில் வட்டமான துளை. தொல்லியலார் அதை இடுதுளை என்பார்கள். பார்க்கிறவர் கண்ணுக்கு அது வாசல். வாசல் இத்தனை சிறிதென்றால் குடியிருந்தவர் எத்தனை உயரம் இருந்திருப்பார்? குள்ளர் கதை அந்தத் துளை வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டின் வேறு ஊர்களில் இதே கற்களுக்குப் பாண்டவர் குழி, குள்ளர் வீடு என்றெல்லாம் பெயர் உண்டு. எங்கள் மலையில் அருவிக்கே பீமன் பெயர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணின் பாட்டி என்னைப் பாறைக்கு அழைத்துப் போனார். அடிவாரத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். மேலே போனதும் மடியிலிருந்து ஒரு பிடி சாமையை எடுத்து, துளைக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார்.

"இது வீடு இல்ல ஆயா. செத்தவங்களுக்கு வச்ச கல்லு" என்றேன்.

"செத்தவங்க இருக்கிற எடமும் வூடுதானே டீச்சரம்மா?"

"யாருன்னே தெரியாமக் கும்புடறீங்களே?"

"நமக்கு முன்னாடி இங்க இருந்தவங்க. ஒரு கும்புடு போட்டுட்டுப் போறதுல இன்னா கொறஞ்சிடும்?"

எனக்குப் பதில் வரவில்லை. ஆனால் கேள்வி மட்டும் கூடவே இறங்கி வந்தது. தவறான பெயர் சொல்லிக் கும்பிட்டால் அந்தக் கும்பிடு யாரைச் சேரும்?

வகுப்பில் மலைபடுகடாம் நடத்தும்போதெல்லாம் அந்தக் கேள்வி எழுந்துகொள்ளும். பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டு, 583 அடி. பாட்டுடைத் தலைவன் நன்னன் சேய் நன்னனின் ஊரான செங்கண்மா, மலைக்குக் கீழே இருக்கும் இன்றைய செங்கம்தான். அவனுடைய மதிலையும் வாயிலையும் பரிசிலர் கூட்டத்தையும் பெருங்கௌசிகனார் பாடி வைத்திருக்கிறார். அந்த அரண்மனை எங்கே என்று நான் கேட்டவர் எவரும் ஒரு செங்கல்லைக்கூடக் காட்டியதில்லை. அவனது நவிரமலையில் நஞ்சுண்ட கடவுள் இருந்ததாகப் பாட்டு சொல்கிறது. நவிரமலை என்பது இன்றைய பர்வதமலை என்கிறார்கள் அறிஞர்கள். அங்கே இப்போது மல்லிகார்ச்சுனர் இருக்கிறார். பெயர் மாறியதால் ஏறுகிறவர் யாரும் பாதியில் திரும்பிவிடவில்லை.

அரண்மனை போனாலும் செங்கத்தைச் சுற்றி நடுகற்கள் நின்றன. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் அவற்றைத் தனி நூலாகவே வெளியிட்டது. எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. கள்வரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்ற நாய்க்கும் அந்தக் கல்லில் இடமுண்டு. பல்லவனுக்கு முந்திய மலைபடுகடாமிலேயே நடுகல் வருகிறது. நன்னனிடம் போகும் கூத்தரிடம், வழியில் நடுகல்லைக் கண்டால் யாழை மீட்டி வணங்கிவிட்டுப் போங்கள் என்று சொல்லப்படுகிறது. போகிறவர்கள் வெளியூர்க்காரர்கள், இறந்தவனோடு அவர்களுக்கு எந்த உறவும் இல்லை.

இதற்கு நேரெதிர்க் கதை ஒன்று அயர்லாந்தில் இருக்கிறது. அந்நாட்டுப் பழைய மன்னர்களின் பெரும் பீடம் தாரா என்ற குன்று. அங்கே லியா ஃபால் என்றொரு நெடுங்கல். உரிய மன்னன் மிதித்தால் அது கூவும் என்பது புராணம். அருகில் 'பணயக் கைதிகள் மேடு' என்று பெயர் பெற்ற மண்மேடு. 1950களில் தோண்டியபோது, அது ஏறத்தாழ 5,000 ஆண்டுப் பழமையான கல்லறை என்று தெரிந்தது. தாராவின் மன்னர்கள் வந்ததோ அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழித்து. யாரென்றே தெரியாத முன்னோரின் எலும்புகளுக்குப் பக்கத்தில் நின்றுதான் அவர்கள் முடிசூடினார்கள். மேட்டுக்கு அவர்கள் மரபு கொடுத்த பெயரும் வாலியர் வீடு போலப் பின்னால் வந்ததுதான்.

1899 முதல் 1902 வரை ஒரு கூட்டம் அதே குன்றில் விவிலியத்து உடன்படிக்கைப் பேழை புதைந்திருப்பதாக நம்பித் தோண்டியது. கவிஞர் யேட்ஸ் போன்றோர் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். பேழை கிடைக்கவில்லை, குன்றின் ஒரு பகுதி குதறப்பட்டதுதான் மிச்சம். நம் பக்கத்திலும் புதையல் ஆசையில் கற்திட்டைகளைப் புரட்டிப் போட்டவர்கள் உண்டு.

இங்கேதான் ஆயாவின் கும்பிடு எனக்குப் பிடிபட்டது. மன்னனுக்குக் கல் கூவ வேண்டும்; கூவினால்தான் அது புனிதம். பேழை தேடியவனுக்குக் கல்லின் அடியில் தான் நினைத்தது இருந்தாக வேண்டும். நானும் ஒரு வகையில் அந்தக் கட்சிதான்: சரியான பெயர் தெரிந்தவருக்கே வணங்கும் தகுதி என்று நினைத்தவள். ஆயா அந்தக் கல்லிடம் எதையும் கேட்கவில்லை. தன் மலையில் தனக்கு முன்னால் யாரோ வாழ்ந்தார்கள் என்பதை மட்டும் ஒப்புக்கொண்டு, ஒரு பிடி சாமை வைத்தார். வாலியர் என்பது பிழையாக இருக்கலாம். 'யாரோ இருந்தார்கள்' என்பதில் பிழை இல்லை. கும்பிடு போய்ச் சேர அவ்வளவு போதும் என்றே இப்போது நினைக்கிறேன். அறிவு வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. கல்லின் வயதைச் சொல்ல ஆயாவால் முடியாது. ஆனால் வயது கணிக்க வருகிறவருக்குக் கல் மிஞ்சியிருக்க வேண்டுமே. செருப்பைக் கழற்றுகிறவர் கல்லைப் புரட்டமாட்டார்.

மலைபடுகடாமில் கூத்தருக்கு இன்னொரு அறிவுரையும் உண்டு. வழி பிரியும் இடத்தில், பின்னால் வரும் புதியவர் தடுமாறாதபடி, தவறான வழியை விலக்கிப் புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போங்கள் என்கிறது. முடிந்தவர் பெயரைப் புல் சொல்லாது.

அந்த நோட்டு இப்போது கையில் கிடைத்தால் 'வாலியர் வீடு' என்பதை அப்படியே விட்டுவிடுவேன். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'கற்திட்டை' என்று எழுதிவிட்டு, பத்துக்கு எட்டு போடுவேன். எழுத்துப் பிழை இரண்டு இருந்தது. அதற்கு ஆயாவே வந்து கேட்டாலும் மதிப்பெண் கிடையாது.