தாய் என்ற தலைப்பு

விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசிப் பக்கம், தாயில்பட்டி எங்கள் ஊர். அந்தப் பெயரைத் தாயின் இல்லம் என்று பிரித்துப் பெருமைப்படலாம். தாய் இல்லாத பட்டி என்று பிரித்து வம்பும் பேசலாம். பெயர்க் காரணத்தை ஊர்ப் பெரியவர்களுக்கு விட்டுவிடுகிறேன். ஆனால், 'தாய்' என்று தொடங்கும் சினிமாப் பெயர்களைக் கேட்டால் மட்டும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிடுகிறது.

அப்படிப்பட்ட பெயர்களுக்குத் தமிழில் பஞ்சமில்லை. சாண்டோ சின்னப்பா தேவர் 1956-ல் எம்.ஜி.ஆரை வைத்து எடுத்த முதல் படம் 'தாய்க்குப்பின் தாரம்'. பிறகு 1961-ல் 'தாய் சொல்லைத் தட்டாதே', மறு வருஷம் 'தாயைக் காத்த தனயன்', 1967-ல் 'தாய்க்குத் தலைமகன்'. நடுவில் 1964-ல், வேறு கம்பெனிகளிலிருந்து 'தெய்வத்தாய்', 'தாயின் மடியில்' இரண்டும் வந்தன. அந்தப் பக்கம் பீம்சிங் 'பா' எழுத்தை விடாமல் பிடித்துக் கொண்டு, 'பாகப்பிரிவினை', 'பாசமலர்' என்று அண்ணன் தம்பி, அண்ணன் தங்கை பாசத்தைத் தந்து கொண்டிருந்தார்.

"பாசத்தை லேபிளாக ஒட்டி விற்றார்கள்" என்பார் என் நண்பர் ஒருவர். திரும்பத் திரும்பச் சொன்னால் எந்த அன்பும் தேய்ந்துவிடும் என்பது அவருடைய கட்சி.

அப்படியானால் தினமும் உண்ணும் சோறு தேய்ந்து போயிற்றா? விற்கிறவனுக்கு லாபம் இருப்பதாலேயே சரக்கு பொய்யாகிவிடுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனாலும் ஓரிடத்தில் நண்பரின் பேச்சு என்னைச் சுடத்தான் செய்கிறது.

எனக்குப் பத்து வயசிருக்கும். 1961 தீபாவளிக்கு வெளிவந்த 'தாய் சொல்லைத் தட்டாதே' முப்பது வருஷம் கழித்து எங்கள் பக்கத்து டூரிங் கொட்டகைக்கு வந்திருந்தது. அம்மா வீட்டில் தீப்பெட்டி ஒட்டிக் கொண்டிருந்தாள். குரோஸுக்கு நூற்று நாற்பத்து நான்கு பெட்டி. அந்தக் கணக்கில்தான் கூலி.

"இன்னைக்குப் போகாதய்யா. விடியமுன்னே எண்ணிக் குடுக்கணும். கூட ஒக்காந்து ஒட்டு" என்றாள்.

நான் போய்விட்டேன். தாய் சொல்லைத் தட்டிவிட்டு, தாய் சொல்லைத் தட்டாதே பார்க்கப் போனேன்! கொட்டகையில் கண்ணாம்பாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்து அழுதேன். அழுத பிறகு மனசு இலேசாகிவிட்டது. ஏதோ பெரிய கடனை அடைத்துவிட்ட மாதிரி நிம்மதி.

அந்த நிம்மதியைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். திரையிலிருக்கும் தாய்க்குச் சிந்திய கண்ணீரை, வீட்டிலிருக்கும் தாயின் கணக்கில் வரவு வைத்துக் கொள்கிறோம். ஒலிபெருக்கியில் அம்மா பாட்டு ஒலித்தால் உருகுகிறோம். 'அடிமைப்பெண்'ணிலும் உண்டு, 'மன்னன்' படத்திலும் உண்டு. பாட்டு முடிந்ததும், "காப்பி எங்கே?" என்று அதட்டுகிறோம். இது பாட்டின் குற்றமா? எழுதியவர்கள் வார்த்தையைத்தான் தந்தார்கள். ரசீது எழுதிக் கொண்டது நாம்.

அதே சமயம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொட்டகையிலிருந்து திரும்பும்போது வாசலில் என் கால் தயங்கிற்று. படத்துக்கு வேறு பெயர் வைத்திருந்தால் அந்த வெட்கம் எனக்கு வந்திருக்காது. விற்பனைக்கு வந்த சொல்தான் என்னைக் குத்திற்று. அந்த மட்டில் தேவருக்கு நான் கடமைப்பட்டவன்.

வெட்கம் வந்தது, கை வரவில்லை. சிம்னி விளக்கருகில் அம்மா இன்னும் ஒட்டிக் கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. "கதை சொல்லு" என்றாள். சொல்லிக் கொண்டே வந்தவன், பாதியில் தூங்கிப் போனேன்.

காலையில் கண் விழித்தபோது பெட்டிகள் எல்லாம் அடுக்கி முடிந்திருந்தன. விரலில் காய்ந்த பசையை உரித்துக் கொண்டே அம்மா கேட்டாள்:

"அந்தத் தாயி கடைசியில என்னய்யா ஆனா?"