கரையோரக் காடும் நம் வியாபாரக் கணக்கும்

வியாபாரப் பெருமக்களே! உப்பு நீரையும் இனிய நீரையும் அருகருகே ஓடவிட்டு, இரண்டுக்கும் இடையே தடுப்பு வைத்த வல்ல நாயனின் குத்ரத்தைத் திருக்குர்ஆன் நமக்கு நினைவூட்டுகிறது. அவ்விரு நீரும் சந்திக்கும் ஆற்று முகங்களில், மற்ற மரங்கள் நில்லாத உப்புச் சேற்றில் நிற்பது அலையாத்திக் காடு. மலாய்க்காரர் பாக்காவ் என்பர். பார்வைக்கு அழகில்லை, கொசுவும் சேற்று வாடையும் உண்டு. அதனாலேயே அதை வீண் நிலமென்று தூர்த்துவிடத் துணிகிறோம்.

வீண் நிலமா அது? இறாலும் நண்டும் குஞ்சுப் பருவத்தில் ஒதுங்கி வளர்வது அதன் வேர்களுக்கிடையே அன்றோ! நாசி கண்டார் கடைச் சட்டியின் ருசிக்கும் அந்தச் சேற்றுக்கும் உறவு உண்டு.

பேராக் மாநிலத்து மாத்தாங் காட்டைப் பாருங்கள். ஏறத்தாழ 40,000 ஹெக்டேர். போர்ட் வெல்ட் என்று நம் முன்னோர் அறிந்த கோலா செப்பெத்தாங்கின் கரிச்சூளைகள் அம்மரத்தால் எரிகின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே திட்டமிட்டு வெட்டி வருகிறார்கள். ஒரு பகுதியை வெட்டினால் மறுபடி அங்கே கோடரி விழுவது 30 ஆண்டு கழித்துத்தான். நடுவில் 15ஆம், 20ஆம் ஆண்டுகளில் நெருங்கி நிற்பவற்றை மட்டும் களைந்து கம்புகளாக்குவர். தானாய் முளைக்காத இடத்தில் கன்று நடுவர். முதலைத் தொடாமல் லாபத்தை மட்டும் உண்ணும் வியாபாரம் இது. நம் பேரேடுகளில் எத்தனை இப்படித் தேறும்?

2004 டிசம்பர் 26 அன்று பினாங்கிலும் கெடாவிலும் கடல் பொங்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். அன்றே தமிழகத்தில், நம்மவர் சிலருக்குப் பூர்வீகமான பரங்கிப்பேட்டைக்குத் தெற்கே, பிச்சாவரம் காட்டுக்குப் பின்னிருந்த சிற்றூர்கள், மறைப்பின்றிக் கடலைப் பார்த்திருந்த குப்பங்களைவிடக் குறைந்த சேதத்தோடு தப்பின. தூரமும் மேடும் உதவியிருக்கலாம்; எந்தக் காடும் எல்லா அலையையும் தடுக்குமென்று சொல்லோம். காப்பவன் அல்லாஹ்வே. ஆயினும் ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்கச் சொன்ன நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தல்லவா நாம்?

நட்ட மரத்தில் பறவையோ மனிதனோ உண்டால் நட்டவருக்கு ஸதக்கா என அப்பெருமானார் அறிவித்திருக்க, நின்ற காட்டை அழித்து மீனவரின் ரிஸ்க்கில் கைவைப்பவர் கணக்கு எந்தப் பக்கம் எழுதப்படும்? பத்திரம் சுத்தமாயிருக்கலாம்; கொடுத்த பணமும் ஹலாலாயிருக்கலாம். அக்கம்பக்கத்தார் ஹக்கு மட்டும் பத்திரத்தில் ஏறுவதில்லை. கரையோர மனை விலைக்கு வந்தால், தரகரோடு நில்லாமல், அங்கே வலைவீசும் முதியவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.