மறுபடியும் ஏன்?

ஷோப்பானையும் ஷூமனையும் யாராவது வருஷா வருஷம் புதிதாகப் பதிவு செய்துகொண்டேயிருக்கிறார்கள். பியானோவுக்கும் செல்லோவுக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதி வைத்த அதே உருப்படிகள்தாம். ஸ்வரம் ஒன்று கூடுவதில்லை, ஒன்று குறைவதுமில்லை. வாசிக்கிறவர் பெயரும் அட்டைப் படமும் மாறுகின்றன.

"ஒரு தடவை ஒருத்தர் நன்றாக வாசித்துவிட்டார் என்றால் விட்டுவிட வேண்டியதுதானே, சார்? மறுபடியும் ஏன்?" என்று தஞ்சாவூர் நண்பர் ஒருவர் கேட்டார். நெல் மண்டி வைத்திருப்பவர். சங்கீதத்திலும் நல்ல காது உண்டு.

நீங்கள் குறுவையும் தாளடியும் வருஷா வருஷம் நடவில்லையா என்று அவரை மடக்கியிருக்கலாம். ஆனால் அது போலி உவமை. நெல்லைத் தின்றுவிடுகிறோம், மறுபடியும் பசிக்கிறது. இசைத்தட்டு தின்னத் தீர்வதில்லையே! அவர் கேள்வியில் வியாபாரக் கணக்கு மட்டும் இல்லை. இறந்துபோனவன் விட்டுச் சென்ற சொத்தில் நமக்கு என்ன பாத்தியதை என்கிற கேள்வி அதற்குள் இருக்கிறது. அதை நியாயமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இது ஏதோ ஐரோப்பியர் வீட்டு விவகாரம் என்று காவிரிக் கரைக்காரன் ஒதுங்கிவிடவும் முடியாது. பீத்தோவனும் சியாமா சாஸ்திரிகளும் மறைந்தது ஒரே ஆண்டில், 1827இல். 1847 ஜனவரியில் திருவையாற்றில் தியாகராஜர் சமாதியானார். நவம்பரில் லைப்ஸிக் நகரத்தில் மெண்டல்ஸன் போனார். ஷோப்பானும் ஷூமனும் பிறந்த 1810இல்தான் தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலுவும் பிறந்தார். சரபோஜி மன்னரின் அரண்மனையில் மேல்நாட்டு வாத்தியங்கள் கொண்ட பாண்டு முழங்கியிருக்கிறது. சரஸ்வதி மகாலில் அந்நாட்டு இசையின் ஸ்வரக் குறிப்புகளைச் சேர்த்து வைத்தார்கள். வயலின் நம்மோடு தங்கிவிட்டது. பியானோ தங்கவில்லை. கட்டைக்கு ஒரு ஸ்வரம் என்று அறைந்து வைத்த வாத்தியத்தில் கமகத்துக்கு ஏது இடம்?

அந்தப் பியானோவுக்கும் ஒரு துக்கம் உண்டு. தட்டிய கணத்திலிருந்து நாதம் செத்துக்கொண்டே வருகிறது. வில் போட்டு இழுக்கிற செல்லோவைப் போல நீட்டிப் பாட அதனால் ஆகாது. ஷோப்பான் தம் மாணவர்களை நல்ல பாடகர்களைப் போய்க் கேளுங்கள் என்று அனுப்பினாராம். பாட முடியாத ஒன்றைப் பாட வைக்கும் தவிப்பு அது. பலா மரத்தைக் குடைந்து வீணை செய்கிற தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கேள்விக்கு வருகிறேன். தியாகராஜரின் குரலை நம்மில் யாரும் கேட்டதில்லை. நமக்கு வந்தது சிஷ்யர்களின் குரல். தில்லைஸ்தானத்தார் வழி, உமையாள்புரத்தார் வழி, வாலாஜாபேட்டையார் வழி என்று பாடாந்தரங்கள். ஒரே கீர்த்தனைக்கு இங்கே இத்தனை சங்கதி, அங்கே வேறு சங்கதி. எது நிஜம் என்று யாரும் வழக்குத் தொடரவில்லை. பஞ்சரத்தினம் மாத்திரம் ஆராதனையில் நூற்றுக்கணக்கானவர் சேர்ந்து பாட வேண்டியிருப்பதால் ஒரு வழிக்குக் கட்டுப்பட்டது.

"அங்கேதான் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார்களே!" என்றார் நண்பர். எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். எழுதினவனே அந்த எழுத்துக்கு எவ்வளவு கட்டுப்பட்டான் என்று பாருங்கள். ஷோப்பான் மாணவர்களின் புத்தகங்களில், அச்சான ஸ்வரங்களுக்கு மேலே, பென்சிலால் வேறு வேறு அலங்காரங்களை எழுதிக் கொடுத்தார். ஒருத்திக்குக் கொடுத்தது இன்னொருத்திக்கு இல்லை. 1848 பிப்ரவரி 16ஆம் தேதி பாரிஸில் அவருடைய கடைசிக் கச்சேரி. தம் செல்லோ ஸொனாட்டாவை நண்பர் பிரான்ஷோமுடன் வாசித்தார். நாலு அங்கங்களில் முதல் அங்கத்தை விட்டுவிட்டார். இன்று பதிவு செய்கிறவர்கள் நாலையும் வாசிக்கிறார்கள். எதற்கு விசுவாசமாக இருக்கிறார்கள்? அந்த மனிதனுக்கா, காகிதத்துக்கா? காகிதத்துக்குத்தான். அது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதன் பெயர் விசுவாசம் என்றால், கச்சேரியில் அவர் செய்ததற்கு என்ன பெயர்?

1889 டிசம்பரில் வியன்னாவில் எடிசனின் ஆள் ஒருவர் பிராம்ஸை மெழுகு உருளையில் பதிவு செய்தார். தம்முடைய ஹங்கேரிய நடனம் ஒன்றில் ஒரு பகுதியைப் பிராம்ஸே வாசித்தார். இன்றைக்குக் கேட்டால் கல்மழை பெய்கிறாற்போல் இரைச்சல். நடுவில் எங்கோ ஒரு பியானோ. மூலம் கையிலேயே இருக்கிறது, பிடிபடவில்லை! பாக்கியம் என்றுகூட எனக்குத் தோன்றும். தெளிவாகக் கேட்டிருந்தால் அதுவே சட்டமாகியிருக்கும்.

ஏனென்றால் தெளிவான பதிவு என்ன செய்யும் என்று நமக்கு ஓர் அத்தாட்சி இருக்கிறது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்றரை நிமிஷத்துக்கு மேல் அடங்காது. அதே தோடியை அவர் மணிக்கணக்கில், ஊருக்கு ஊர், இரவுக்கு இரவு வேறாக வாசித்தவர். 1956இல் அவர் போன பிறகு பிறந்தவர்களுக்கோ அந்தச் சில நிமிஷங்களே ராஜரத்தினம். அந்தப் பிடியை அப்படியே, மூச்சு விடுகிற இடம்கூட மாறாமல் வாசிக்கும் பிள்ளைகளை இந்த ஜில்லாவில் கேட்டிருக்கிறேன். சபையில் கைதட்டுகிறார்கள். எனக்கு மனசு கசக்கிறது. அது பக்தியாக எனக்குப் படவில்லை. போனவர் வாயை அந்த மூன்றரை நிமிஷத்தோடு தைத்துவிடுகிற காரியம் அது.

அதற்காகப் புதிய பதிவெல்லாம் புண்ணியம் என்று சொல்ல வரவில்லை. விலாசத்துக்காக வாசிக்கிறவர்கள் அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. இப்போது இன்னொரு வழியும் வந்திருக்கிறது. ஷோப்பான் காலத்து ப்ளேயல், எரார் பியானோக்களைச் செப்பனிட்டு அவற்றில் வாசிக்கிறார்கள். வார்ஸாவில் 2018இல் அதற்கென்றே சர்வதேசப் போட்டி ஒன்றைத் தொடங்கினார்கள். கேட்க ஆனந்தமாகவே இருக்கிறது. தந்தி இலேசு, நாதம் சீக்கிரம் அடங்குகிறது. இழைகள் ஒன்றோடொன்று குழம்புவதில்லை. ஆனால் 'ஷோப்பான் கேட்டது இதுதான்' என்று யாராவது சொன்னால் ஒப்பமாட்டேன். பியானோ அகப்படும். அவர் காது அகப்படுமா?

நண்பர் பிடியை விடவில்லை. "அப்படியானால் மூலம் என்று ஒன்று இல்லவே இல்லையா, சார்? திருட்டு எது, சொத்து எது என்று எப்படித்தான் சொல்லுவது?" என்றார்.

ஷூமனுடைய செல்லோ கான்செர்ட்டோவைப் பற்றிச் சொன்னேன். 1850இல் எழுதினார். 1856இல், பைத்தியம் பிடித்து, ஓர் ஆசுபத்திரியில் இறந்துபோனார். அது முதன்முதலாகச் சபையில் ஒலித்தது 1860இல். யாரோ ஒருவர் செல்லோவை எடுத்து, வாத்திய கோஷ்டியை வைத்துக்கொண்டு, எழுதினவரே சபையில் கேட்காததை வாசித்தார். எதைப் பார்த்து வாசித்தார்? அவருக்கு முன்னால் ஒரு பதிவும் இல்லை, ஒரு சிஷ்யனும் இல்லை.

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த ஆள் சரியாக வாசித்தானா என்று அன்றைக்கு யார் சொல்லியிருப்பார்கள்?" என்றார்.